மூலப் பத்திரம் இல்லாத கோடு

2019 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஹெச்ஆர் அறைக்கு வரச் சொன்னார்கள். சோழிங்கநல்லூரில் இருந்தது அலுவலகம். உள்ளே என் மேலாளர், ஹெச்ஆர் மேடம், அதுவரை நான் பார்த்தேயிராத லீகல் ஆள் ஒருவர். மேசையில் மூன்று தாள்கள். முதல் தாளில் நான் மூன்றரை ஆண்டுகளாக இரவில் கண் விழித்து எழுதிய மென்பொருள் லைப்ரரியின் பெயரும், அதற்கு நேரே "நிறுவனத்தின் சொத்து" என்ற வரியும். இரண்டாவது தாளில் அதை நான் ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது. மூன்றாவது தாளின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றது. அதுவும் யோசித்துச் சொன்னதில்லை, கை நடுங்கியதால் சொன்னது.

லைப்ரரி பெரிய விஷயம் ஒன்றுமில்லை. யூனிகோடு வருவதற்கு முன் தமிழைக் கணினியில் ஏற்ற ஆளுக்கொரு குறியேற்றம் இருந்தது: திஸ்கி, டாப், டாம், இலங்கையில் பாமினி, ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் சொந்தமாக ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் என் லைப்ரரியின் வேலை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. 'கொ' என்பதைப் பழைய எழுத்துருக்கள் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்திருக்கும். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் உயிர்க்குறி. இந்த இடமாற்றத்தில் வரும் விதிவிலக்குகளுக்காகவே பாதி கோடு (நிரல்) எழுதியிருந்தேன். 2016 ஜனவரியில் தொடங்கினேன், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற ஜிபிஎல் லைசென்ஸில் வெளியிட்டேன். இந்த நிறுவனத்தில் சேர்ந்தது 2017 ஜூனில்.

சண்டையாக ஆரம்பிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பழைய இதழ்களை மின்னாக்கம் செய்யும் ஒரு வேலை அலுவலகத்துக்கு வந்தது. அந்தக் குழு தேடிப் பார்த்து என் லைப்ரரியைக் கண்டுபிடித்தது, பிறகுதான் அதை எழுதியவன் இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்புறம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி: இதை எங்கள் சர்வரில் நிறுவித் தருவீர்களா? அங்கேதான் ஜிபிஎல் குறுக்கே வந்தது. ஜிபிஎல் கோடை உங்கள் அலுவலகத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் மூலக் கோடையும் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும் என்ற கடமை வருகிறது. அதோடு இணைத்து எழுதிய தங்கள் புரொடக்டையும் அது இழுத்துவிடும் என்று லீகல் பயந்தது.

"லைசென்ஸை எம்ஐடிக்கு மாத்திடுங்க. ஒரு ஃபைல்தானே, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மேலாளர். எம்ஐடி என்பது இந்தக் கடமை இல்லாத தளர்வான லைசென்ஸ். என் ஒருவன் கையில் அது இல்லை, ஏழு பேர் பங்களித்திருக்கிறார்கள் என்றேன். அந்தப் பதில் லீகலுக்குப் போனது. அவர்கள் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ரிப்போவைத் துருவிப் பார்த்தார்கள். சில கமிட்களில், அதாவது பதிவான மாற்றங்களில், என் அலுவலக மெயில் முகவரி இருந்தது. மூன்று வாரம் வேண்டுகோளாக இருந்தது, நான்காவது வாரம் உரிமைக் கோரிக்கையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை தாள்களை எடுத்துக்கொண்டு தம்பு செட்டித் தெருவுக்குப் போனேன். சித்தப்பாவின் நண்பர் அங்கே வக்கீல். சிவில் வழக்குகள், பெரும்பாலும் நிலத் தகராறு. மென்பொருள் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது, அதுவே நல்லதாகப் போயிற்று. முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏற்கெனவே அவங்களதுன்னா உன் கையெழுத்து எதுக்குப்பா?"

பிறகு சட்டத்தைப் பிரித்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகத்தான் பார்க்கிறது. அதன் 17ஆம் பிரிவில் 'சி' என்ற உட்பிரிவு, வேலையின் போக்கில் ஊழியர் படைத்த ஒன்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது. கேள்வி முழுக்க "வேலையின் போக்கில்" என்ற இரண்டு சொற்களில் தொங்குகிறது. என் வேலை வங்கி ஒன்றுக்கு ஜாவாவில் ரிப்போர்ட் எழுதுவது. எழுத்துரு மாற்றம் அதில் எங்கும் வராது. ஆனால் நான் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில், வேலைக்காலத்தில் "உருவாக்கிய, யோசித்த, மேம்படுத்திய அனைத்தும்" நிறுவனத்துக்குச் சேரும் என்று இருந்தது. அலுவலக நேரமா, வீட்டு நேரமா என்ற பேச்சே இல்லை. சேர்ந்த நாளில் நாற்பது பக்கத்தையும் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியவன் நான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் இதற்கென்றே தொழிலாளர் சட்டத்தில் 2870 என்று ஒரு பிரிவு உண்டு: சொந்த நேரத்தில், முதலாளியின் பொருள் எதையும் தொடாமல், அவர் தொழிலுக்குத் தொடர்பில்லாமல் செய்ததை எந்த ஒப்பந்தமும் பிடுங்க முடியாது. நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

வக்கீல் இதைத் தனக்குத் தெரிந்த வழியில் எடுத்துப்போனார். "நிலம்னா மூலப் பத்திரம் கேப்போம். இதுக்கு மூலப் பத்திரம் எது?" யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் கிட் லாக் என்றேன். "அதைப் பிரிண்ட் எடு. யார், எந்தத் தேதியில, எந்த மெயில்லேர்ந்து. அப்புறம் 2016ல நீ எங்க வேலை பார்த்த? அந்தக் கம்பெனி ஒப்பந்தம் எங்க?"

அந்தக் கேள்விக்கு எனக்கு வியர்த்தது. லைப்ரரியின் அடித்தளம் முழுவதும் முந்தைய நிறுவனத்தில் இருந்தபோது எழுதியது. அங்கிருந்து யாராவது கிளம்பினால்? அன்றிரவு அம்மாவின் பீரோவுக்கு மேலிருந்த பெட்டியில் பழைய ஒப்பந்தம் கிடைத்தது. நல்லவேளை, அதில் "ஒப்படைக்கப்பட்ட பணி தொடர்பானவை" என்று மட்டும்தான் இருந்தது. பழைய நிறுவனத்தை விட்டுப் போகும்போது ரிலீவிங் லெட்டரைத்தான் எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். ஒப்பந்தத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு முழுக்கக் கமிட் எண்ணினேன். மொத்தம் 298. இந்த நிறுவனத்தில் சேர்வதற்கு முன் நான் எழுதியவை 171. மற்ற ஏழு பேருடையவை 44. சேர்ந்த பிறகு என்னுடையவை 83. அந்த 83இல் அலுவலக மெயில் முகவரியோடு 9. அலுவலக லேப்டாப்பில் கிட்டுக்கு ஒருமுறை மெயில் முகவரி கொடுத்துவிட்டால் எல்லா ரிப்போவுக்கும் அதையே எடுத்துக்கொள்ளும், நான் மாற்ற மறந்திருக்கிறேன். அந்த ஒன்பதில் ஐந்து, வேலைநாளில் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடையில் செய்தவை. சாப்பாட்டு நேரம் சார் என்றேன் வக்கீலிடம். அவர் பதில் பேசாமல் அந்த ஐந்தையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார்.

கிட் லாக் காட்டும் தேதியை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கமிட் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், ஒரு வரிக் கட்டளை போதும். அடுத்தவர் கையில் பதிவானதுதான் கணக்கு. பைத்தான் லைப்ரரிகளை ஏற்றிவைக்கும் பைபிஐ தளத்தில் ஒவ்வொரு பதிப்பும் ஏறிய தேதி, மற்றவர்கள் மாற்றம் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் வந்தபோது எனக்குக் கிடைத்த மெயில், பயனர்கள் பிழை தெரிவித்த நாள். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கோப்பு போட்டேன்.

இது பைத்தியக்காரத்தனமான உழைப்பு என்று தோன்றும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நிறைய எழுதிய கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2015இல் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீது ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016இல் தள்ளுபடி. விஎம்வேர் ஜிபிஎல்லை மீறியதா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. எந்தெந்த வரிகள் உங்களுடையவை, அவை எதிராளியின் புரொடக்டில் எங்கே இருக்கின்றன என்பதைச் சரிவரக் காட்டவில்லை என்று முடித்துவிட்டது. 2019இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. கெர்னலின் தூண்களில் ஒருவருக்கே அந்தக் கதி என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெரிதில்லை.

நிலத் தகராறு வக்கீலுக்கு மிகவும் பிடித்துப்போன கதை எஸ்சிஓ வழக்கு. நான்தான் சொன்னேன். 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற அமெரிக்க நிறுவனம், யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் எங்கள் சொத்து, அதை லினக்ஸுக்குள் கொட்டிவிட்டீர்கள் என்று ஐபிஎம் மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. லினக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களிடமும் பணம் கேட்டது. ஆனால் பின்னால் எஸ்சிஓ கைக்கு வந்த அந்த யுனிக்ஸ் வணிகத்தை 1995இல் நாவெல் நிறுவனம் விற்றபோது எழுதிய ஒப்பந்தத்தில், விற்பனையில் சேராதவை என்ற பட்டியலில் பதிப்புரிமையும் இருந்தது. 2010இல் ஜூரி, பதிப்புரிமை நாவெலிடமே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஐபிஎம் வழக்கின் மிச்சம் 2021இல்தான் தீர்ந்தது. "பத்திரத்துல சொத்து விவரத்தைப் படிக்காம வேலி போட்டிருக்கான்" என்றார் வக்கீல். அந்த வழக்கின் சூட்டில்தான் 2004இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அனுப்பப்படும் ஒவ்வொரு திருத்தத்தின், அதாவது பேட்ச்சின், கீழும் "சைன்ட்-ஆஃப்-பை" என்று பெயரோடு ஒரு வரி இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று எழுதியவரே சான்று சொல்லும் வரி அது. அதை நான் பல வருடம் சடங்கு என்று நினைத்திருந்தேன்.

என்னுடைய பயம் வேறு இடத்தில் இருந்தது. உரிமை நிறுவனத்துக்கு என்று ஆகிவிட்டால், உரிமையில்லாதவன் ஜிபிஎல் என்று எழுதி வெளியிட்டதாக ஆகிவிடும். அதை நம்பிப் பயன்படுத்துகிற மாணவர்கள், சிறுபத்திரிகைக்காரர்கள் காலடியிலும் மண் சரியும். பணம் போனாலும் பரவாயில்லை, அது மட்டும் நடக்கக் கூடாது என்றிருந்தது.

ஏழு பங்களிப்பாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் யாரிடமும் நான் ஒரு தாளும் வாங்கியதில்லை. அவரவர் எழுதிய வரிக்கு அவரவர்தான் உரிமையாளர். இந்த ரிப்போ ஒரு கூட்டுப் பட்டா. அவர்கள் ஜிபிஎல்லின் கீழ்தான் கொடுத்தார்கள், வேறு லைசென்ஸுக்கு மாற்ற ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒருவர் எழுதிய நாற்பது வரிக்கு அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை. பேரன் பேத்திகளிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலைகூட வரலாம்.

சமாதானமாகப் போய்விடலாம் என்ற ஆசையில் எம்ஐடிக்குச் சம்மதமா என்று எல்லோருக்கும் எழுதிப் பார்த்தேன். ஐந்து பேர் இரண்டு நாளில் சரி என்றார்கள். ஒருவரின் கல்லூரி மெயில் திரும்பி வந்துவிட்டது. ஏழாவது ஆள், பாமினி அட்டவணை முழுவதையும் எழுதியவர், யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறார். தொலைபேசியிலேயே அழைத்தார்.

"தம்பி, நான் ஜிபிஎல் எண்டபடியால்தான் தந்தனான். நாளைக்கு ஆரோ இதைப் பூட்டி வைச்சு எங்கட ஆக்களுக்கே விப்பினம். அதுக்கு நான் ஓமெண்டு சொல்ல மாட்டன்."

"இல்லையண்ணா, ஆஃபீஸில் நெருக்கடி..."

"உங்கட நெருக்கடி விளங்குது. அதுக்காக நான் எழுதினதைக் குடுக்கேலாது."

அப்போது கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், என்னைக் காப்பாற்றியதே அவர்தான். என் கழுத்தில் கத்தி வைத்தாலும் முழு ரிப்போவை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்பதற்கு அவருடைய மறுப்புதான் சாட்சி. விஎல்சி பிளேயருக்கு 2011 ஜனவரியில் இப்படித்தான் நடந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகள் ஜிபிஎல்லுக்கு ஒவ்வாதவை என்று அதை எழுதியவர்களில் ஒருவரே ஆட்சேபித்ததும் ஆப் அங்கிருந்து நீக்கப்பட்டது. பிறகு நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி, 2011 கடைசியில் மையப் பகுதியையும் 2012இல் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவற்றையும் ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். ஐபோனுக்கு அது திரும்பி வந்தது 2013 ஜூலையில். அத்தனை பேரைத் தேடும் பொறுமை அவர்களுக்கு இருந்தது. எனக்கு ஒருவரின் கல்லூரி மெயிலுக்கே மூச்சு முட்டியது.

இனி சொல்லப் போவது எனக்கு வெட்கமான பகுதி. நிறுவனத்தின் லீகல் ஆட்கள் ரிப்போவை ஸ்கேன் செய்யும் கருவி ஒன்றை ஓட்டியிருந்தார்கள். அது ஒரு கோப்பில் கொடி காட்டியது. திஸ்கி அட்டவணை, 200 வரிக்கு மேல். 2016இல் ஒருவருடைய தனிப்பட்ட இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அங்கே எந்த லைசென்ஸும் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது: ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. என் சொத்தைத் திருடுகிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன் வீட்டில் அடுத்தவர் பாத்திரம்.

வக்கீல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்றார். ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல், வெறும் உழைப்புப் போதாது, சிறிதளவாவது படைப்பூக்கம் இருந்தால்தான் பதிப்புரிமை என்றது. இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்ற அட்டவணையில் படைப்பூக்கம் எங்கே என்று வாதாடலாம். வாதாடலாம்தான். ஆனால் அதிலிருந்த குறிப்புகளும் வரிசையும்கூட அவருடையவை, ஒரு எழுத்துப்பிழை உட்பட. அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, திஸ்கி 1.7 தர ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துப் புதிதாகத் தட்டினேன். பழைய அட்டவணைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஓய்வுபெற்ற பேராசிரியராம். "பயன்பட்டதே மகிழ்ச்சி, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. மூன்று வருடம் முன்பே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்.

பேச்சுவார்த்தை நான்கு மாதம் இழுத்தது, அதை விவரிக்க ஒன்றுமில்லை. மெயில்கள், காத்திருப்பு, என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தும் சக ஊழியர்கள். ஒரே ஒரு வேடிக்கை: அவர்கள் நீட்டிய உரிமை மாற்றப் பத்திரத்தில் எத்தனை காலம், எந்தெந்த நாட்டில் என்று எதுவுமே எழுதவில்லை. அப்படி விட்டால் 19ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். வாடிக்கையாளர் இருந்ததோ சிங்கப்பூரில். அதைச் சுட்டிக்காட்டியபோது லீகல் ஆள் முதல்முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தார்.

முடிவு இப்படி: அலுவலக மெயிலில் இருந்த ஒன்பது கமிட்களையும் நிறுவனத்துடையவை என்று ஒப்புக்கொண்டு ரிப்போவிலிருந்து எடுத்தேன். கோப்பை வேகமாகப் படிப்பதற்கான பகுதி அது. பழைய கோடைப் பார்க்காத ஒரு நண்பர் அதைத் திரும்ப எழுதினார், என்னுடையதைவிட வேகமாகவே ஓடுகிறது. மீதி எதிலும் எங்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை என்று நிறுவனம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தது. இமேக்ஸ் என்ற எடிட்டர் போன்ற குனு மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களிடம் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், தேவைப்பட்டால் முதலாளியிடமிருந்தும் இப்படியொரு கடிதம் கேட்கும். முன்பு அதைக் கெடுபிடி என்று கிண்டல் செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் வேலைக்கு என் லைப்ரரியைத் தனி நிரலாகவே, மூலக் கோடோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் நாளே அதைச் செய்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

இப்போது சொந்த வேலைக்கென்று தனி லேப்டாப், செகண்ட் ஹேண்டில் பதினெட்டாயிரம். அலுவலகக் கணினியில் என் ரிப்போவை நகல் எடுப்பதுகூட இல்லை. பேட்ச் அனுப்புகிறவர்களிடம் சைன்ட்-ஆஃப்-பை வரி கேட்கிறேன், "இதை எங்கிருந்தாவது எடுத்தீர்களா?" என்று ஒரு கேள்வியும். உரிமையை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் வற்புறுத்தினார்கள். எனக்கு அதில் ஒப்புதலில்லை. எல்லாவற்றையும் ஒரு கை மாற்றிக்கொள்ள வழி வைத்தால் என்ன ஆகும் என்று 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் என்ற மென்பொருளில் பார்த்தோம். பங்களிப்பாளர்கள் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தம் ஹாஷிகார்ப்பிடம் இருந்தது, ஒரு நாள் திறந்த லைசென்ஸை விட்டு விலகினார்கள், கோபப்பட்டவர்கள் ஓப்பன்டோஃபு என்று தனியே பிரித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஸ்கார்பரோ அண்ணா மாதிரி ஒருவர் "மாட்டன்" என்று சொல்லும் வசதி இருக்கட்டும்.

போன வருடம் வேலை மாறினேன். சேரும் படிவத்தில் "ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான படைப்புகள்" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் "இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். நான் லைப்ரரி, அதன் துணைக் கருவிகள், பழைய நிறுவனத்தின் கடிதம் என்று இரண்டு பக்கம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஹெச்ஆர் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "சார், இதுல 250 எழுத்துதான் ஏறும்" என்றார். "பின்னிணைப்பு காண்க" என்று மட்டும் தட்டச் சொல்லிவிட்டு, தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டுதான் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அவருக்குச் சீல் எங்கிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று.